உடல் கொடுக்கும் இரண்டாண்டு அவகாசம்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்றொரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம். ஹார்மோன்கள், உடல் மாற்றங்கள், மாதவிடாய், உணவு, தன்சுத்தம் எல்லாம் அதில் உண்டு. எனக்கு இருக்கும் மனக்குறை ஒன்றுதான்: அந்தப் பாடம் வந்து சேரும்போது வகுப்பில் பலர் அதை உடம்பாலேயே படித்து முடித்திருக்கிறார்கள். பெண் குழந்தைக்கு உடல் மாற்றங்கள் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆண் குழந்தைக்கு 9-இலிருந்து 14-க்குள். வகுப்புக் கணக்கில் சொன்னால் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. ஆகவே இந்த மாற்றங்களை முதலில் பார்க்கிறவர் அறிவியல் ஆசிரியர் இல்லை; நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியர்தான்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. கடலூர் முதுநகர்ப் பக்கம் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த ஒரு பள்ளியில் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். பிறகு மாறுதலில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை போகும் சாலையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்தேன். நடுநிலைப் பள்ளியில் ஒரு வசதி உண்டு. ஒன்றாம் வகுப்பில் அழுதுகொண்டே வந்த குழந்தையை எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். இங்கே எழுதுவது பெரும்பாலும் அப்படிப் பார்த்தது.

முதலில் வரிசை. பெண் குழந்தையின் உடலில் முதலில் தெரிவது மார்பில் ஒரு சிறு மொட்டு. தொட்டால் வலிக்கும், ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் சில மாதம் கழித்தும் வரலாம். பிறகு ரோமம் முளைக்கிறது, உயரம் வேகமாக ஏறுகிறது, வெள்ளைபடுகிறது. இவ்வளவும் நடந்த பிறகே முதல் மாதவிடாய். மொட்டுக்கும் முதல் மாதவிடாய்க்கும் நடுவே சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் இடைவெளி. நம் ஊரில் ‘வயதுக்கு வந்துவிட்டாள்’ என்று சொல்லப்படும் நாள், உண்மையில் வரிசையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இதை வரிசைப்படுத்திக் காட்டியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் டேனர். 1948-இல் தொடங்கி ஹார்பெண்டன் என்ற ஊரின் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார். பெண் குழந்தைகளின் வளர்ச்சியை 1969-இலும் ஆண் குழந்தைகளின் வளர்ச்சியை 1970-இலும் ஐந்து நிலைகளாகப் பிரித்து வெளியிட்டார். மருத்துவர்கள் இன்றும் அந்த நிலைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அதிலிருந்து தேவையான செய்தி சிறியது: வரிசை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று, நேரம் ஆளுக்கு ஆள் வேறு.

எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வயலைத்தான் காட்டுவேன். பள்ளிச் சுவருக்கு அப்பால் சம்பா நிற்கும். “கதிர் வர்றதுக்கு முன்னாடி பயிர் எப்படி இருக்கும்?” என்று கேட்டால் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் தண்டு உருளுவதையும் பொதி கட்டுவதையும் சொல்லிவிடுவார்கள். கதிர் வெளியே தெரியும் நாளில் அது உருவாகவில்லை. அதற்கு முன்பே தண்டுக்குள் உருவாகிவிட்டது. ஒரே நாளில் நட்ட வயலிலும் எல்லாத் தூரும் ஒரே நாளில் கதிர் விடுவதில்லை. இந்த இரண்டு செய்தியும் புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

இயக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லலாம். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி விழித்துக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, பெண்ணுக்கு அண்டகத்தையும் ஆணுக்கு விந்தகத்தையும் எழுப்புகிறது. முதல் செய்திகள் போவது இரவில், பிள்ளை தூங்கும்போது. ஹைபோதலாமஸை எழுப்பும் பொருளுக்குக் கிஸ்பெப்டின் என்று பெயர். அதன் மரபணு 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டறியப்பட்டது. அந்த ஊரில் செய்யும் சாக்லேட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். பருவமடைதலோடு அதற்குள்ள தொடர்பு 2003-இல் தெரியவந்தது. சாக்லேட் கதையைச் சொன்னால் வகுப்பின் இறுக்கம் கொஞ்சம் தளரும். நான் அதை அதற்காகவே வைத்திருக்கிறேன்.

இப்போது பள்ளியின் பதிவேடுகளுக்கு வருகிறேன். ஆண்டுதோறும் விலையில்லாக் காலணிக்காக நாம் பாத அளவு எடுக்கிறோம். பாதி எரிச்சலோடுதான் எடுப்போம், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு நல்ல அறிவியல் கருவி. பருவ வளர்ச்சியில் முதலில் நீளுவது கையும் காலும்; உடம்பின் உயரம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. இரண்டாண்டுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் குழந்தைக்குக் காலணி அளவு திடீரென்று தாவியிருக்கிறதோ, அந்தக் குழந்தையின் உடல் கிளம்பிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உயரம், எடை பதிவும் அப்படித்தான். ஆறாம், ஏழாம் வகுப்புக் குழுப் படத்தில் பெண் பிள்ளைகள் பின்வரிசையிலும் ஆண் பிள்ளைகள் முன்வரிசையிலும் நிற்பதற்குக் காரணம் இதுவே. பெண்களின் உயர வேகம் உச்சத்துக்குப் போவது 12 வயதை ஒட்டி. ஆண்களுக்கு அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து. ‘நெட்டச்சி’ என்று கேலி செய்யப்படும் பெண்ணுக்கும், ‘குள்ளா’ என்று கூப்பிடப்படும் பையனுக்கும் இந்த ஒரு தகவல் தெரிந்தாலே பாதி வேதனை குறையும்.

எங்கள் பள்ளியின் தமிழாசிரியர் ஒருநாள் ஓய்வறையில் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று அடுக்கிக்கொண்டிருந்தார். பாட்டியல் நூல்களின் கணக்கில் பெதும்பை என்பது 8 முதல் 11 வயது. மங்கை 12, 13. உலா இலக்கியத்துக்காகச் செய்த பகுப்புதான், உடலியல் இல்லை. ஆனாலும் பேதைக்கும் மங்கைக்கும் நடுவே ஒரு பருவத்துக்குத் தனிப்பெயர் வைக்க நம்மவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் பாடவேளைத் திட்டத்தில் அந்தப் பெதும்பைக்கு இடமில்லை என்பதுதான் என் வருத்தம். இத்தனைக்கும் 2011–12-இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் 10 வயதிலிருந்தே சானிட்டரி நாப்கின் கொடுக்க இடமிருக்கிறது. பொருள் 10 வயதில் வருகிறது, விளக்கம் 13 வயதில் வருகிறது.

அதனால் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்கியிருக்கிறோம். தலைமையாசிரியர் ஒப்புதலோடு, பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லிவிட்டுத்தான். முதல் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “டீச்சர், எம் பொண்ணு இன்னும் சின்னப் புள்ள. இப்பவே அதெல்லாம் காதுல போடணுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்த ஓர் ஆயா பேசினார். “எனக்கு யாரும் சொல்லல. ரத்தத்தப் பாத்ததும் செத்துப்போவப் போறேன்னு நெனச்சு மாட்டுக் கொட்டாயில போய் ஒளிஞ்சிக்கிட்டேன். இந்தப் புள்ளைங்களாவது தெரிஞ்சிக்கட்டும்.” அதற்குப் பிறகு நான் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த இரண்டு பாடவேளையில் சொல்வது அதிகமில்லை. உடம்பு வளர ஒரு வரிசை இருக்கிறது, உங்களில் சிலருக்குத் தொடங்கியிருக்கும், சிலருக்கு மூன்று நான்கு வருடம் ஆகும், இரண்டும் சரி. வெள்ளைபடுவது நோய் என்று பயப்பட வேண்டாம். முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே வரும். அரிப்பும் நாற்றமும் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மாதவிடாய் என்பது கருப்பையின் உள்பக்கத்தில் மெத்தைபோல் வளர்ந்த சவ்வு தேவைப்படாமல் கழன்று வருவது. ஒரு முறைக்கு வெளியேறும் இரத்தம் பொதுவாக 30, 40 மில்லிதான். பார்க்க நிறையத் தெரியும். அளவுக் குடுவையில் 40 மில்லி சிவப்பு மைத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். “இவ்ளோதானா மிஸ்?” என்பார்கள்.

பையன்களை வெளியே அனுப்புவதில்லை. அனுப்பினால் சன்னல் வழியாக ஏதோ ரகசியம் என்று தெரிந்துகொள்வார்கள். ரகசியம் என்பதுதான் அவர்கள் படிக்கும் பாடமாகிவிடும். பொதுப் பாடம் சேர்ந்து, சந்தேகம் கேட்கும் நேரம் மட்டும் தனித்தனியாக.

கரும்பலகையில் ஒருமுறை வீட்டில் புழங்கும் சொற்களைக் கேட்டு எழுதினேன். பெரிய மனுஷி ஆயிட்டா, வயசுக்கு வந்துட்டா, உட்கார்ந்துட்டா, தூரம், தீட்டு, விலக்கு, தலைக்கு ஊத்திக்கிட்டா. பலகை நிரம்பிவிட்டது. “சரி, பையன்களுக்கு?” என்றேன். நீண்ட அமைதி. ஒருவன் “மீசை மொளைக்கும்” என்றான், இன்னொருவன் “தொண்டை கரகரங்கும்” என்றான். அதோடு சரி. பெண்ணுக்கு நடப்பதற்குப் பத்துச் சொல் இருந்தும் விளக்கம் இல்லை. பையனுக்குச் சொல்லே இல்லை. ‘மாதவிலக்கு’ என்பதைவிட ‘மாதவிடாய்’ என்றே எழுதவும் பேசவும் சொல்லித்தருகிறேன். விடாய் என்றால் தாகம், களைப்பு. விலக்கு என்ற சொல்லில் ஒருவரைத் தள்ளிவைப்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பையன்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு முதல் மாற்றம் விந்தகம் பெரிதாவது. வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு ரோமம், ஆணுறுப்பின் வளர்ச்சி, உயரம், குரல். மீசை, தாடியெல்லாம் கடைசி. குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் சில மாதம் குரல் இரண்டாகப் பிரிந்து ஒலிக்கும். அந்த மாதங்களில் காலை வணக்கக் கூட்டத்தில் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் விட்டுவிடலாம்.

கேள்விப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். பழைய சாக்பீஸ் பெட்டிதான். ஒரே ஒரு விதி: எல்லாரும் சீட்டு எழுதிப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர் அன்றைய தேதியை மூன்று முறை எழுதிப் போடலாம். எல்லார் பேனாவும் ஓடுவதால் யார் கேட்டது என்று தெரியாது. இந்த விதி வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன.

ஒரு சீட்டில் ‘நெஞ்சில் கட்டி மாதிரி இருக்கு, கேன்சரா?’ என்று இருந்தது. ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது 13, 14 வயதை ஒட்டி மார்பில் தற்காலிகமாகச் சிறு வீக்கம் வரும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இது தெரியாததால் எத்தனை பையன்கள் வாய்க்காலில் குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றுவதில்லை! கடலூரில் நான் பார்த்த ஒரு மாணவன் கடற்கரை விளையாட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தான். சோம்பேறி என்று பேர் வாங்கினான்.

அதிகம் வரும் சீட்டு வேறு. ‘தூக்கத்தில் ஈரமாகுது. சத்து போயிடுமா?’ இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை, பள்ளியில் பதில் இல்லை. பேருந்து நிலையக் கழிவறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசில் மட்டும் பதில் இருக்கிறது. ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்று பயமுறுத்தி, லாட்ஜில் அறை எடுத்துப் பணம் பிடுங்குகிற வைத்தியர்களின் பதில் அது. உண்மையான பதிலை நாம்தான் கொடுக்க வேண்டும்: வெளியேறுவது ஒரு தேக்கரண்டிகூட இல்லாத அளவு, பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் புரதம், சர்க்கரை, தாது உப்பு. இரத்தத்திலிருந்து செய்யப்படுவது என்பது கட்டுக்கதை. உடல் எடை குறையாது, படிப்பு மறக்காது. எங்கள் பள்ளியில் இந்தப் பதிலைச் சொல்வது உடற்கல்வி ஆசிரியர். அவர் அதைக் கபடி விதி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறார்; அந்தத் தொனிதான் வேண்டும்.

இனி சடங்கு. எங்கள் பகுதியில் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவது, சீர்வரிசை, புட்டு, உளுந்தங்களி, முச்சந்தியில் பெண்ணின் படத்தோடு பிளெக்ஸ் என்று எல்லாம் உண்டு. உளுந்தும் நல்லெண்ணெயும் முட்டையும் வளரும் பெண்ணுக்கு நல்ல உணவு. அதில் எனக்குச் சண்டை இல்லை. பிளெக்ஸ் வேறு. வகுப்புத் தோழர்கள் தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லாமல் விடுகிறோம்.

குடிசையைப் பற்றிக் கடலோர மாவட்டத்துக்காரர்கள் நாம் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டைப் பகுதியில் ஒரு பள்ளிச் சிறுமி இறந்தாள். முதல் மாதவிடாய் என்று வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்தாள். இரவில் தென்னை மரம் அந்தக் குடிசையின் மேல் விழுந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை நேரில் பார்த்தவர்களுக்கு, அந்த இரவில் ஓலைக் குடிசை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்வேன். யாரையும் குற்றம் சொல்லாமல், ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளையை வீட்டுக்குள் படுக்க வையுங்கள் என்று மட்டும். இந்தப் பேச்சுக்கு இதுவரை எந்த வீட்டிலும் எதிர்ப்பு வரவில்லை. சடங்கை விடுமுறையில் வைத்துக்கொண்டு, நான்காம் நாளே பள்ளிக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கைக்குத்தான் பாதி வெற்றி.

பள்ளிகளும் சுத்தமில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தின் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி மாதவிடாய் காரணமாக வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து தேர்வு எழுதிய செய்தியை நாமெல்லாம் பார்த்தோம்.

‘பெரிய மனுஷி’ என்ற சொல்லில் இன்னொரு ஆபத்து, அதைக் கேட்கிறவர்கள் அப்படியே நம்பிவிடுவது. முதல் மாதவிடாய் வந்த பிறகும் பெண் சில சென்டிமீட்டர் உயர்வாள். இடுப்பெலும்பு இன்னும் பல ஆண்டுகள் வளரும். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் பல சுழற்சிகளில் கருமுட்டையே வெளிவருவதில்லை. அதனால்தான் நாள் தள்ளிப் போகிறது, முன்னால் வருகிறது. திருமண வயது பெண்ணுக்கு 18 என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைப் பெற்றோரிடம் சொல்லும்போது இந்த எலும்புக் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். சட்டத்துக்கு அசையாத தாத்தாக்கள் எலும்புக்கு அசைகிறார்கள்.

நாப்கின் கணக்கையும் பார்த்துவிடலாம். திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பொட்டலம், பொட்டலத்துக்கு 6. மாதத்துக்கு 9 வருகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், ஐந்து நாளுக்கு 20 தேவைப்படும். 9-ஐ வைத்துக்கொண்டு 20-ஐச் சமாளிக்கும் பிள்ளை ஒன்றையே காலையிலிருந்து மாலை வரை வைத்திருப்பாள். அதனால் துணியைக் கேவலமாகப் பேசாதீர்கள். சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய்ந்த பருத்தித் துணி நல்லதே. மறைத்து, கட்டிலுக்கடியில் ஈரமாகக் காயப்போட்ட துணிதான் தொல்லை. பள்ளி நேரத்துக்கு நாப்கின், வீட்டில் துணி என்று பிரித்துக்கொள்ளச் சொல்லலாம்.

வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் இதோடு சேர்ந்ததே. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும் அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. பையன்களுக்கும் மாத்திரை உண்டு; ‘பொம்பளைங்க மாத்திரை’ என்று கீழே போடுவதைக் கவனியுங்கள். சத்துணவுக்குப் பிறகு கொடுத்தால் குமட்டாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் மாத்திரை வேலிக்கு அப்பால் கிடக்கும்.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது? பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் மாற்றங்கள் தெரிந்தால். பெண்ணுக்கு 13 ஆகியும் மார்பு வளர்ச்சி இல்லாவிட்டால், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டால். பையனுக்கு 14 ஆகியும் எந்த மாற்றமும் இல்லாவிட்டால். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைந்தால், வலியால் மாதந்தோறும் விடுப்பு எடுத்தால். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் அவர்கள் எழுதிக்கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். கடலூர்ப் பக்கம் இருந்தபோது அரசுத் தலைமை மருத்துவமனை. உடல் மாற்றத்தைப் பேசும்போது சில சீட்டுகளில் வேறு செய்தியும் வரும்: யாரோ தொட்டது, யாரோ படம் காட்டியது. அதற்கு விசாரணை நாம் செய்யக் கூடாது. தலைமையாசிரியரிடம் சொல்லி அன்றே 1098-க்குப் பேச வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

ஆண் ஆசிரியர்கள் மட்டுமே உள்ள ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து சில நண்பர்கள் கேட்பதுண்டு: நாங்கள் என்ன செய்வது? குறுவளமையக் கூட்டத்தில் இப்படிக் கேட்ட ஒருவர் இப்போது ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார். சத்துணவு சமையலர் அக்காவிடம் ஒரு துணிப்பை கொடுத்து வைத்திருக்கிறார். அதில் நாப்கின் நான்கு, ஒரு பழைய சீருடைப் பாவாடை, சோப்பு, செய்தித்தாள். பை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். சாரிடம் காரணம் சொல்லாமல், “அக்காவப் பாத்துட்டு வரேன் சார்” என்று சொன்னால் போதும். கிராம சுகாதாரச் செவிலியர் பருவத்துக்கு ஒருமுறை வந்து அந்தப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். பையன்களிடம் அவரே பேசுகிறார்.